பொம்மைத் துறைமுகத்தில் சம்பந்தி

அதுதான் சொல்கிறேன் மரகதம், அந்தப் பங்களா மாத்தயாவுக்கு, அந்தச் சிங்கள ஐயாவுக்குப் பைத்தியமெல்லாம் இல்லை. நம் லயத்து வீடுகளில் பேசிக்கொள்வது எனக்கும் காதில் விழத்தான் செய்கிறது. தலை நரைத்த ஆள் பங்களாக் கதவைச் சாத்திக்கொண்டு பொம்மை ரயில் கோச்சி ஓட்டினால் பின்னே என்ன சொல்வார்கள். பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் வெளிநாட்டில். ரயில்வேயில் பார்த்த வேலையும் முடிந்துவிட்டது. பொழுது போகவில்லை, அவ்வளவுதான். நமக்குப் பொழுது போகாவிட்டால் அடுத்த வீட்டைப் பற்றிப் பேசுகிறோம், அவர் கோச்சி செய்கிறார்.

நீ உள்ளே போய்ப் பார்க்கவில்லை அல்லவா. என் மகள் அங்கே சமைக்கிறாள், நான் வீடு கூட்டப் போகிறேன், அதனால் எனக்குத் தெரியும். பழைய துரைமார் பந்து உருட்டி விளையாடிய பெரிய அறை இருக்கிறதே, அது முழுக்க மேசை. இந்த மூலையில் பதுளை ஸ்டேஷன், பின்னால் நமுனுகுலை மலை. நம் ஹாலிஎல ஸ்டேஷன் என் உள்ளங்கை அளவு. அதில் ஒரு பெஞ்சு கூட வைத்திருக்கிறார். என் புருஷன் குடித்துவிட்டுப் படுத்துக் கிடப்பாரே, அதே பெஞ்சுதான். ஆளைத்தான் காணோம். மேசையின் அந்த மூலையில் கடல். நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் பதுளையிலிருந்து கடலைத் தொட்டுவிடலாம். நாங்கள் நிஜக் கோச்சியில் போனபோது உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பே கழன்றுவிட்டது.

நேற்று வாசலில் தேயிலைச் சக்கை காயப்போட்டிருந்தேனே, மாட்டுக்கா என்று கேலி செய்தாயே, அதுவும் அவருக்குத்தான். காய்ந்த சக்கையைச் சலித்து, பிசின் தடவிய பலகையில் தூவினால் அசல் மண் போலவே இருக்கிறது. முதல் நாள் சமையற்கட்டில் வந்து கேட்டார்.

"ஆச்சி, தேத்தண்ணி ஊத்தின பொறகு சக்கைய வீச வேணாம். எனக்குக் குடு."

"எதுக்கு மாத்தயா? மறுக்கா ஊத்திக் குடிக்கவா?"

அவர் சிரிக்கவில்லை. பொம்மை செய்கிறவர்கள் சிரிக்கமாட்டார்கள். மூச்சு விட்டாலே ஏதாவது விழுந்துவிடும்.

அந்தப் பிசின் இருக்கிறதே, தயிர்ச் சட்டியில் ஊற்றி வைத்திருப்பார், வெள்ளை வெளேரென்று. எனக்கு எழுத்தா தெரியும், டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க. ஒருநாள் விரலில் தொட்டு நக்கிவிட்டேன். சாயங்காலம் வரைக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கு வீடு அமைதியாக இருந்தது என்று மகள் சொன்னாள். கடலையும் அப்படித்தான் கெடுத்தேன். கண்ணாடி மாதிரி ஒன்றைக் காய்ச்சி ஊற்றி, நீலச் சாயம் கலந்து, காயட்டும் என்று வைத்திருந்தார். நான் விரலால் அழுத்திப் பார்த்தேன். ரேகையோடு பதிந்துவிட்டது. மனிதர் பாவம், அதன் மேல் வெள்ளைச் சாயம் தடவி அலையாக்கிவிட்டார். கையெழுத்துப் போடத் தெரியாதவளின் கைநாட்டு கடலிலே கிடக்கிறது பார்.

கடலோரத்தில் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, கடலுக்குள் நீண்டு போகிற பாலம் கட்டினார். அதன் மேல் தண்டவாளம். பக்கத்தில் தகரக் கொட்டகை, பாரம் தூக்கி, கயிறு சுற்றும் கட்டைகள். அட்டைப் பெட்டியில் கப்பல், அதற்குப் புகைக்கூண்டு. பழைய ஜன்னல் வலையை வெட்டி வேலி. அங்கேயும் தேயிலைச் சக்கையைத் தூவப் போனார்.

"அங்க மண்ணு இப்பிடி இருக்காது மாத்தயா. வெள்ளையா இருக்கும்," என்றேன்.

தூவிய கை நின்றது. "இது தலைமன்னார். நீ அங்க போனதா?"

"போயிருக்கேன். கப்பலேறத்தான் இல்ல."

அவருக்கு ஒரே சந்தோஷம். சின்ன வயதில் அங்கேதான் முதல் வேலையாம். மீன் பொரியலும் கடற்காற்றும், ஸ்டேஷனுக்குப் பின்னால் பந்தடியும், அந்த மாதிரிக் காலம் பிறகு வரவேயில்லையாம். சொல்லச் சொல்ல முகம் சிவந்து போனது. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அவர் பந்து அடித்த பக்கமும் நாங்கள் நின்ற பக்கமும் ஒரே ஸ்டேஷன்தான்.

ஆற்று மணலைச் சலித்துத் தூவினார். அப்போது சக்கையும் பிசினும் கலந்த ஒரு வாசம் வந்தது. ஈரத் தேயிலை வெயிலில் கிடந்து புளித்த வாசம். உடனே சொன்னேன், "கொட்டகைகிட்ட மட்டும் கொஞ்சம் தேயில தூவுங்க மாத்தயா. அங்க கொட்டிக் கெடந்துச்சு."

கொட்டித்தான் கிடந்தது. கப்பலேறும் சனம் ஆளுக்கொரு பொட்டலம் தேயிலை கட்டிக்கொண்டு வந்திருந்தது. வாழ்நாள் எல்லாம் பறித்தது, போகிற இடத்தில் ஒரு வாய் குடிக்கலாம் என்று. சோதிக்கிறவர்கள் மூட்டையை உதறினார்கள். அளவுக்கு மிஞ்சியது தரையில். அதன் மேலேதான் எல்லாரும் மிதித்து நடந்தார்கள்.

உனக்கு அந்தக் கதை தெரியாது, நீ பசறைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு, சிலோனுக்கு என்று பிரித்த காலம் அது. நான் பெரட்டில், காலை ஆள் கணக்கில், பெயர் பதிந்து கொழுந்து பறிக்கப் போகத் தொடங்கியிருந்தேன். எங்கள் வீட்டுக்குச் சிலோன் கிடைத்தது. என் அக்கா பாக்கியம் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு இந்தியா கிடைத்தது. கீழ் லயம், மேல் லயம், அவ்வளவுதான் தூரம். ஆனால் அவள் அந்த நாடு, நாங்கள் இந்த நாடு.

அக்காவின் மாமனார்தான் சம்பந்தி. என் அம்மா அப்படிக் கூப்பிடப்போய் தோட்டமே அவரைச் சம்பந்தி என்றது. கங்காணி, கடைக்காரர், சின்னப் பிள்ளை எல்லாருக்கும் அவர் சம்பந்தி. சொந்தப் பெயர் எனக்கே மறந்துவிட்டது. வலது கன்னத்தில் எப்போதும் வெற்றிலை அடைத்திருக்கும். தூங்கும்போது கூட அந்தக் கன்னம் உப்பித்தான் இருக்கும். இந்தியாவை அவர் கண்டதே இல்லை. இங்கேதான் பிறந்தார், மலையை விட்டு இறங்கினதே இல்லை.

கிளம்புகிற அன்றைக்குப் பதுளை ஸ்டேஷனில் அம்மா மச்சானைக் கூப்பிட்டு, அக்காவின் புருஷனைச் சொல்கிறேன், கண்டிப்பாகச் சொன்னாள்.

"இந்தா பாருங்க மாப்ள, கடல் தாண்டுற காரியம். கால எடுத்து வச்சா திரும்பிப் பாக்கக் கூடாது. யாரு அழுதாலும் சரி. பாக்கியத்தையும் பாக்க விடாதீங்க."

"சரிங்க அத்தை."

வழியனுப்ப அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் கூடவே போனோம். பொல்காவலையில் கோச்சி மாறி, காய்ந்த காடெல்லாம் தாண்டி, வெயிலில் இறங்கினோம். எனக்கு என்ன தெரியும். அக்கா போகிறாள் என்ற கவலையை விட, கடலைப் பார்க்கப் போகிறோம் என்ற குஷிதான். கொட்டகைக்குப் பின்னால் ஓடி ஒரு கை அள்ளிக் குடித்தேன். துப்பிவிட்டு வந்தால் அக்கா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சிரிக்கிறாள். "ருசி எப்பிடிடி?" என்றாள். அதுதான் அவள் என்னிடம் பேசின கடைசிப் பேச்சு. வேறு ஏதாவது பேசியிருக்கலாம்.

போகிறவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். சம்பந்தியும் அந்தப் பக்கம்தான் இருந்தார். மூட்டை சோதித்து முடிந்து வரிசை நிற்கும்போது வெற்றிலை தீர்ந்துவிட்டது. கடல் மேலே வெற்றிலை கிடைக்குமோ கிடைக்காதோ என்று வாசல்காரனிடம் கெஞ்சி வெளியே வந்து கடையைத் தேடிப் போனார். மருமகளிடம் சொல்லிவிட்டுத்தான் போனாராம். அக்கா கைப்பிள்ளை கத்தின கத்தலில் கேட்டாளோ என்னவோ. அவர் வாயை அடைத்துக்கொண்டு திரும்பி வந்தால், வரிசை நகர்ந்துவிட்டது. மச்சான் தலையில் பெட்டி, இடுப்பில் பெரியவன், அக்கா பின்னால். பாலத்தில் நடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். கிழவர்கள் எல்லாம் முன்னால் ஒரு கூட்டமாகப் போனார்கள். அப்பனும் அதிலே இருப்பார் என்று மச்சான் நினைத்திருக்கவேண்டும்.

வாசல்காரன் சம்பந்தியை மறித்தான். சிங்கள ஆள், தமிழ் பேசுவான்.

"கடதாசி எங்க?"

"மகன்கிட்ட."

"மகன் எங்க?"

"அந்தா போறான், பெட்டி தூக்கிட்டு."

"அப்ப கூப்பிடு."

"கூப்பிடக் கூடாதுங்க."

"ஏன்?"

"கப்பலேறப் போறவன எப்பிடிங்க பின்னால கூப்பிடுறது?"

வாசல்காரன் அவரை மேலும் கீழும் பார்த்தான். நான் வேலியில் ஒட்டிக்கொண்டு நின்றேன். அக்கா என்று கத்த வாயைத் திறந்தேன். அம்மா பொத்தினாள். பொத்தின வேகத்தில் உதடு பல்லில் பட்டுக் கிழிந்துவிட்டது, கடலின் ருசியும் ரத்தத்தின் ருசியும் ஒன்றுதான் தெரியுமா.

"கடல் காரியம்டி. நடுவுல கவுந்தா உன் வாயாலதான்னு ஆகும்," என்றாள் அம்மா. பிறகு சம்பந்தியைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க சம்பந்தி?"

அவர் வலையைப் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். வெற்றிலைக்குள்ளிருந்து சொன்னார். "சரிதான் சம்பந்தி. கூப்பிட வேணாம். ஏறினதும் ஆள எண்ணுவான். எண்ணினா வருவான்."

மச்சான் நல்ல மாப்பிள்ளை. மாமியார் சொல்லைத் தட்டமாட்டார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

கப்பல் ஊதியது. புகை விட்டது. போய்விட்டது.

இதைச் சொன்னால் நீ சிரிக்கிறாய். சிரி, நானும் சிரித்திருக்கிறேன். திரும்பி வரும்போது அந்த வெற்றிலையை மனிதர் பொல்காவலை வரைக்கும் துப்பவேயில்லை. துப்பினால் வாய் விட்டு மகனைப் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவோம் என்று பயந்தாரோ என்னவோ.

அடுத்த கப்பலில் போகலாமே என்று மாத்தயாவும் கேட்டார். போக முடியாது. கடதாசி மகனோடு போய்விட்டது. கந்தோரில், அதான் ஆபீசில், போய்க் கேட்டால், இந்த ஆள் போயாச்சு என்று பதிவு இருக்கிறதாம். போனவரை மறுபடி எப்படி அனுப்புவது? தோட்டத்திலும் பெயரை வெட்டிவிட்டார்கள். அவர் இருந்த காம்பிராவில், அந்த ஒற்றை அறையில், வேறு குடும்பம் அடுப்பு மூட்டிவிட்டது. ஆக, போனவரும் இல்லை, இருக்கிறவரும் இல்லை. எங்கள் இஸ்தோப்பில், வாசலோரத் தாழ்வாரத்தில், ஒரு சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டார்.

அம்மா நல்லவள்தான், ஆனால் அவள் வாய் இருக்கிறதே. தினமும் ரொட்டியை வைக்கும்போது ஒரு சொல்லும் சேர்த்து வைப்பாள். "வெத்தல வாங்கப் போன ஆளுக்கு ரொட்டி எதுக்கு?" அவர் அதையும் மென்று தின்பார். தோட்டத்தில் யாராவது எதையாவது மறந்துவிட்டால், "சம்பந்தி வேலை பாத்துட்டான்" என்பார்கள். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல விளையாட்டுக் கிடையாது. ஹாலிஎலப் பக்கம் கோச்சி ஊதினால் போதும். "சம்பந்தி, கப்பல் வந்துருச்சு" என்று கத்துவார்கள். அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தேயிலை நடுவே மேட்டுக்கு ஓடுவார். மேட்டிலிருந்து பார்த்தால் மலைக்குப் பின்னால் மலை. கடலா தெரியும் அங்கே? ஒவ்வொரு தடவையும் ஓடினார். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருநாள் நான் கேட்டேன்.

"பொய்யின்னு தெரிஞ்சும் ஏன் ஓடுறீங்க?"

"நெசமா வர்ற அன்னைக்கும் பொய்யின்னு நெனச்சு இருந்துட்டா?" என்றார்.

பிறகு போலீஸ் ஜீப் வரத் தொடங்கியது. இந்தியா கிடைத்து, நாள் கடந்தும் போகாமல் இருந்தவர்களைப் பிடித்து ஏற்ற வந்தார்கள். ஜீப் சத்தம் கேட்டால் சனம் தேயிலைச் செடிக்கடியில் ஊர்ந்து போய் ஒளியும். இவர் மட்டும் மூட்டையோடு ரோட்டில் வந்து நிற்பார், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி. பெயர் கேட்பார்கள். பட்டியலைப் பார்ப்பார்கள். "நீ இங்க இல்ல. நீ போயாச்சு," என்று தள்ளிவிடுவார்கள். கடைசியாக வந்த அன்றைக்கு மேல் லயத்துக் கருப்பாயியைச் செடிக்கடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்தார்கள். அவள் செடியைக் கட்டிக்கொண்டு கத்துகிறாள், இலை இலையாகக் கையோடு வருகிறது. சம்பந்தி ஜீப்புக்கு முன்னால் போய்க் கும்பிட்டார்.

"ஐயா, அந்தப் பொம்பளைக்குப் பதிலா என்னைய ஏத்துங்க. நான் ரெடியா நிக்கிறேன்."

அவர்களுக்கு அடக்கமுடியாத சிரிப்பு. ஒருவன் அவர் மூட்டையை வாங்கி ஜீப்பில் வைத்தான். சம்பந்தியின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்திருக்கவேண்டும். ஒரு காலைத் தூக்கி ஜீப்பில் வைத்தார். வண்டி நகர்ந்தது. மண்ணில் விழுந்தார். மூட்டையை வளைவில் வீசிவிட்டுப் போனார்கள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம் மரகதம். கருப்பாயியை ஏற்றிக்கொண்டு போகிறார்கள், அவள் கத்துவது கேட்கிறது, நாங்கள் இதற்குச் சிரிக்கிறோம். ஏதாவது ஒன்றுக்குச் சிரிக்கவேண்டியிருந்தது.

மகனிடமிருந்து ஒரே ஒரு சேதி வந்தது. அந்தக் கரையிலிருந்து சொந்தம் பார்க்க வந்த ஆள் ஒருவர் எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார். மச்சான் ஏதோ மலைத்தோட்டத்தில் இருக்கிறாராம். அப்பன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாராம். "கப்பல்ல எண்ணிப் பாத்தேன், ஆள் இல்ல. வர மனசில்லாம வேணுமின்னே நின்னுட்டாரு. எங்கள ஏமாத்திட்டாரு" என்பதுதான் அவர் சொன்னதாம்.

எல்லாரும் சம்பந்தியைப் பார்த்தோம். அவர் வெற்றிலையை வலத்திலிருந்து இடக் கன்னத்துக்கு மாற்றினார். அவர் அப்படிச் செய்து நான் கண்டதே இல்லை.

"எண்ணிப் பாத்திருக்கான்ல?" என்றார்.

அதற்கப்புறம் வடக்கே சண்டை பெரிதாகிக் கப்பலே நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கும் விளையாட்டுச் சலித்தது. சம்பந்தி ஒரு மழைக்காலத்தில் அதே சாக்கிலே செத்துக் கிடந்தார். கொள்ளி வைக்க மகன் இல்லை. என் அண்ணன்தான் குடம் உடைத்தான். உடைத்ததும், திரும்பிப் பார்க்காமல் நட என்றார்களாம், அதுதானே முறை. அண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டான். பெரிய மனிதர்கள் திட்டித் தீர்த்தார்கள். அம்மா அவனோடு எத்தனையோ நாள் பேசவில்லை. "ஒரு தடவையாவது யாராச்சும் பாக்க வேணாமா?" என்றான் அவன், அவ்வளவுதான்.

எங்கே விட்டேன். ஆம், பொம்மை.

மாத்தயா ஆட்கள் வாங்கி வந்திருந்தார், கொழும்பிலிருந்து ஒரு பெட்டி நிறைய. எறும்பளவு மனிதர்கள். எல்லாம் வெள்ளைக்காரர்கள். தொப்பி, கோட்டு, குடை பிடித்த ஒரு சீமாட்டி, நாயைக் கயிற்றில் பிடித்த ஒருவர். அவர்களைக் கப்பல் தட்டில் நிறுத்தி வைத்தார். எல்லாருக்கும் ஒரு கை மேலே, அசைக்கிற மாதிரி.

"இதுல நம்ம ஆள் யாரு மாத்தயா?" என்றேன்.

"நம்ம ஆள் கடையில இல்ல ஆச்சி. நீ செய்."

செய்தேன். தீக்குச்சியைப் பாதிவரை பிளந்தால் இரண்டு கால். கிழிந்த வேட்டித் துண்டு ஒரு சுற்று. கன்னத்தில் மெழுகு ஒரு சொட்டு, வலப் பக்கம். வேலிக்கு இந்தப் பக்கம் நிறுத்தினேன். யார் இது என்றார். உனக்குச் சொன்னதை அவருக்கும் சொன்னேன். நல்ல மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தான் பந்து அடித்துக்கொண்டிருந்த நாளாக இருக்குமோ என்று கேட்டார். இருக்கும் என்றேன், பொய் எதற்கு.

மறுநாள் கூட்டப் போனால் சம்பந்தி கப்பலில் நிற்கிறார், குடைச் சீமாட்டி பக்கத்தில்.

"இப்ப சரியா ஆச்சி? ஏத்தியாச்சு."

அவர் போனதும் எடுத்து வேலிக்கு இந்தப் பக்கம் வைத்தேன். அடுத்த நாள் மறுபடி கப்பலில். நான் மறுபடி இந்தப் பக்கம். சனிக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள், பங்களாவை வாடகைக்கு விடப்போகிறார். வந்தவர்கள் பார்த்து முகம் வாடக்கூடாதாம், மகளிடம் சொல்லியிருக்கிறார். நேற்று பிசின் வைத்து ஒட்டியே விட்டார்.

இன்றைக்குக் காலையில் அவர் குளிக்கப் போன நேரம் நான் காய் நறுக்கும் கத்தியோடு போனேன். நோண்டி நோண்டி எடுத்தேன். பிசின் நல்ல பிசின். ஆள் வந்துவிட்டார், ஒரு கால் முறிந்து கப்பலிலேயே ஒட்டிக்கொண்டது. அது அங்கேயே நிற்கட்டும், சீமாட்டிக்குத் துணையாக. மிச்ச ஆளை வேலியில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன். ஜீப்பில் வைத்ததும் ஒரு கால்தானே.

நிஜத்தில் அங்கே இப்போது ஒன்றுமில்லையாம். பாலம் உடைந்து கடலுக்குள் துருப்பிடித்த தூண்கள் மட்டும் நிற்கிறதாம், மாத்தயா போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கப்பல் இல்லை, கொட்டகை இல்லை, நாங்கள் பிடித்துக்கொண்டு நின்ற வேலி இல்லை. சம்பந்தி படுத்த இஸ்தோப்பும் லயத்தோடு இடிந்து போய்விட்டது. அவர் ஓடி ஓடி மிதித்த மேட்டில் டவர் நட்டிருக்கிறார்கள். அக்கா இருக்கிறாளா செத்தாளா, தெரியாது. கடல் ருசி மட்டும் நாக்கில் இருக்கிறது.

பைப்பில் தண்ணீர் வருகிறது போல, சத்தம் கேட்கிறதே. எழுந்திரு, அந்தப் பக்கத்து வீட்டுக்காரி குடத்தை வரிசையில் போடுவதற்குள் நீ முன்னால் போ. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வருகிறேன். எதையாவது மறந்துவிட்டுப் போனால் பின்னாலிருந்து கூப்பிடுவேன் மரகதம், கோபித்துக்கொள்ளாதே, திரும்பிப் பார்.